ஸ்பெஷல் இங்கிலீஷ் வகுப்பும் நாலு விதிகளும்

கேள்வியைக் கேட்டதும் ஒரு வகுப்பே தலையைக் குனிந்துகொள்ள, அந்த மௌனத்தைத் தனியாளாக நின்று தாங்குவதுதான் இங்கிலீஷ் டீச்சர் வேலை. நீங்களும் சாக்பீஸ் பிடிப்பவர் என்றால் மேலே விளக்க வேண்டியதில்லை. நமக்கெல்லாம் ஒரே வியாதிதான்.

செஞ்சியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், நன்றாகப் படிக்கிற பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக ஸ்பெஷல் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று தொடங்க ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார். தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்தோம். பாடப்புத்தகத்தைத் தாண்டி கதை, கட்டுரை, விவாதம் என்று நடத்த வேண்டும். பொறுப்பு என் தலையில் விழுந்தது. விதிகளை நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். வகுப்புக்குள் இங்கிலீஷ் மட்டும்தான். கட்டுரையைச் சொன்ன நாளில் முதல் மணி அடிப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும், சாக்கு கூடாது. போன் எடுத்து வரக்கூடாது. காப்பி அடித்தால் சாதாரண வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும், அந்த வருஷம் முழுக்க இந்தப் பக்கம் வர முடியாது.

எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெற்றோர் கூட்டம்

விதிகளைச் சொல்லிக் கையெழுத்து வாங்கப் பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தோம். நான் ஒவ்வொரு விதியாகப் படித்துத் தமிழில் விளக்கினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு ஒரு பிள்ளையை வெளியே அனுப்ப நேர்ந்தால், இதே முகங்கள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ஹெட்மாஸ்டருக்கும் அதே யோசனை போல. சந்தேகம் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

கடைசி வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். தளவானூரிலிருந்து வந்திருந்தார், பவித்ராவின் அம்மா. அவர்கள் குடும்பத்தில் மேல்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் ஆள் பவித்ரா. வகுப்புக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் என்றால் டீச்சரும் இங்கிலீஷில்தான் பேசுவாரா என்று கேட்டார். ஆமாம், எனக்கும் அதே விதிதான் என்றேன். அவர் சொன்னார்: "மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல பேசுங்க மிஸ். திட்டறத மட்டும் தமிழ்ல திட்டுங்க, அப்பத்தான் அவளுக்கு ஒறைக்கும்."

முதல் விதி

திட்டுவதற்கு வாய்ப்பே வரவில்லை. இங்கிலீஷ் மட்டும் என்று சொன்னதும் வகுப்பு வாயை மூடிக்கொண்டது. பேனா கீழே விழுந்தால் அதைக்கூடக் கேட்காமல் காலால் இழுத்துக்கொண்டார்கள். பழகிவிடும், பழகிவிடும் என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டு பாடத்தை நடத்தினேன்.

ஒரு நாள் மதியம் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பியபோது பவித்ராவின் முகம் வேறு மாதிரி இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஸ்ரின் பஜாரில் தையல்கடை வைத்திருப்பவரின் மகள், சாதாரணமாக வாயாடி. அவளும் பேசவில்லை. என்ன என்று நான் கேட்பதற்குள் பவித்ரா பெஞ்சிலிருந்து சரிந்தாள். ஆட்டோவில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லி, ஆம்புலன்ஸில் விழுப்புரம் அனுப்பினார்கள். நானும் கூடவே போனேன். அவள் அம்மா வந்து சேரும்வரை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, அவரிடம் என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன்.

பிழைத்துக்கொண்டாள். கண் விழித்த மறுநாள் போய்ப் பார்த்தேன். வயிற்றுவலிக்கு இங்கிலீஷில் என்ன என்று உனக்குத் தெரியாதா, தேர்வில் நல்ல மார்க் வாங்கியவள்தானே என்று கேட்டேன். அவள் அதை உண்மையான சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "ஸ்டமக் பெயின்னு தெரியும் மிஸ். ஆனா இது சுருட்டிச் சுருட்டிப் புடிச்சிது. அதுக்கு இன்னா சொல்றதுன்னுதான் யோசிச்சிக்கினே இருந்தேன்."

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, உடம்புக்கு முடியவில்லை என்றாலும் பயமாக இருந்தாலும் தமிழில் சொல்லலாம் என்று முதல் விதிக்குக் கீழே எழுதினேன்.

மழை பெய்த காலை

பவித்ரா திரும்பி வரும்போது நிறையப் பாடம் போயிருந்தது. எழுதாத கட்டுரைகளும் சேர்ந்திருந்தன. இந்தப் பெண்ணால் முடியாது, பேசாமல் சாதாரண வகுப்புக்கே அனுப்பிவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் கெஞ்சி ஒரு தவணை வாங்கினேன். அடுத்த கட்டுரையை நேரத்துக்குக் கொடுத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் கிடையாது. இதை நான் பவித்ராவிடம் மறைக்கவில்லை.

கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரியிலிருந்து கொட்டித் தீர்த்தது. காலையில் தளவானூர் பக்கமிருந்து பஸ்ஸே வரவில்லை. முதல் மணி அடிக்கப் போகிற நேரம், ஹெட்மாஸ்டர் என் வகுப்பு வாசலிலேயே வந்து நின்றுகொண்டார். நனைந்த யூனிஃபார்மோடு நஸ்ரின் ஓடி வந்து மேஜையில் இரண்டு கட்டுரைகளை வைத்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்றில் பவித்ராவின் பெயர். இரண்டும் ஒரே கையெழுத்து. ஹெட்மாஸ்டர் குனிந்து பார்த்தார். இது காப்பிதானே மிஸ், இப்போது இரண்டு பேரையும் அனுப்ப வேண்டியதுதானே என்று மெதுவாகக் கேட்டார்.

நஸ்ரின் நடந்ததைச் சொன்னாள். பஸ் வராது என்று தெரிந்ததும் பவித்ரா விடியற்காலையிலேயே போன் செய்து, எழுதி வைத்திருந்ததை வரி வரியாகப் படித்திருக்கிறாள். இவள் கேட்டு எழுதியிருக்கிறாள். நான் கட்டுரையைப் படித்தேன். பவித்ரா எப்போதும் விடுகிற அதே இலக்கணப் பிழைகள், ஒன்று விடாமல் அப்படியே இருந்தன. நஸ்ரின் அந்தப் பிழைகளைத் தூக்கத்தில்கூடச் செய்ய மாட்டாள். தாளை ஹெட்மாஸ்டரிடம் நீட்டி, இரண்டு பேரின் பழைய கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு நஸ்ரினிடம், தப்பு என்று தெரிந்தும் ஏன் திருத்தாமல் விட்டாய் என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "திருத்தினா அது என்னுது ஆயிடும் இல்ல சார்?"

ரயில் வராத ஊர்

அடுத்து நடந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 'என் தெருவில் ஒரு காலைப்பொழுது' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். கௌதம் கொடுத்த கட்டுரையில் ஒரு பிழை இல்லை. வார்த்தைகள் எல்லாம் இஸ்திரி போட்டது மாதிரி இருந்தன. ஆனால் அவன் தெரு, தூரத்து ரயிலின் ஊதல் கேட்டு விழித்துக்கொண்டிருந்தது. செஞ்சிக்கு இன்னும் ரயிலே வரவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அதில் இருந்த இரண்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டேன். தெரியவில்லை. போனில் இருக்கும் ஏதோ ஒரு செயலி எழுதிக் கொடுத்தது.

சிக்கல் என்னவென்றால், கௌதமின் அப்பா பள்ளிக் கமிட்டியில் இருப்பவர். திண்டிவனம் ரோட்டில் பெரிய டைல்ஸ் கடை. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, கண்டித்துவிட்டு விடலாமே என்றார். நான் முடியாது என்றேன். தளவானூர்ப் பெண்ணை ஒரு கட்டுரைக்காக வெளியே அனுப்பத் தயாராக இருந்தோம், இவனுக்கு மட்டும் வேறு சட்டமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் நிலைமை நினைவுக்கு வந்தது. எனக்கு வீட்டு லோன் இருக்கிறது, நிரந்தர வேலையும் இல்லை.

மறுநாள் கௌதமின் அப்பா வந்தார். உட்காரவில்லை. ஒரு பக்கக் கட்டுரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, போன் எழுதியது என்பதற்கு என்ன ஆதாரம், உங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். நான் ரயிலைச் சொன்னேன். அது கற்பனை என்றார். ஹெட்மாஸ்டர் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது சுவரோரமாக நின்றிருந்த கௌதம், விடு நைனா, நான் எழுதல, போன்தான் எழுதிச்சு என்றான். அவன் அப்பா திரும்பிப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன். அவர் அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சரி, இவன வெளிய அனுப்பிட்டீங்க. போன் வாங்கிக் குடுத்தவன எங்க அனுப்பறது?"

மறுபடியும் தேர்வு

கௌதம் சாதாரண வகுப்புக்குப் போனான். வராண்டாவில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. என் வேலை நீடிக்குமா என்பதே தெரியாமல் அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு கமிட்டிக் கூட்டம் முடியும்வரை வீட்டுக்குப் போகாமல் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

பிளஸ் டூ தொடங்கியதும் காலியாக இருந்த இடங்களுக்குத் தேர்வு வைத்தோம். எழுத வந்தவர்களில் கௌதமும் இருந்தான். இந்த வாரம் வீட்டில் நடந்த ஒன்றை எழுதச் சொல்லியிருந்தேன். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கமே நான் போகவில்லை. அவன் நன்றாக எழுதவில்லை என்றால் அவனுக்கும் எனக்கும் இது இதோடு முடிந்தது. அவன் தாளைக் கடைசியாகத்தான் திருத்த எடுத்தேன். வரிக்கு வரி பிழை. ஆனால் நடுவில் ஓர் இடத்தில், அப்பா ஒரு ரூமில் கோபமாக இருக்கிறார், அம்மா இன்னொரு ரூமில் கோபமாக இருக்கிறார், அதனால் நான் சமையல்கட்டில் உட்கார்ந்து படிக்கிறேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். இத்தனை தப்பு இருக்கிறதே, இவனையா சேர்க்கப் போகிறீர்கள் என்றார் ஹெட்மாஸ்டர். அந்தச் சமையல்கட்டை எந்தப் போனாலும் எழுத முடியாது சார் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் அவன் வகுப்பு வாசலில் தயங்கி நின்றான். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் தன் பையை எடுத்துக் கீழே வைத்து இடம் விட்டான். கௌதம் உட்காரவில்லை. சுவரில் இருந்த விதிகளை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தான். பிறகு என் மேஜைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், தமிழிலேயே கேட்டான்: "தப்பா எழுதறதுக்குன்னு ரூல் எதுவும் இல்லையே மிஸ்? நான் நெறைய எழுதுவேன்."

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது அரைமணி நேர வேலைதான். அவற்றுக்குக் கீழே ஒரு வருஷம் நின்று பாடம் நடத்துவதற்குத்தான் நமக்குச் சம்பளம், அதுவும் போதாது.