பரக்கத்து, ரெண்டு, மூணு

புதுசா குத்தின புழுங்கல் அரிசிட சூடு... சாக்குக்குள்ள கை விட்டா முழங்கை வரைக்கும் ஏறும். இண்டைக்கு மில்லடியால வரக்குள்ள அந்த மணம் வந்திச்சி. அதான் எழுதுறன். நான் பெரிசா படிச்ச ஆள் இல்ல, பிழை இருந்தா பாத்து வாசிங்க.

மகள்ட வாப்பா என்னத் தனிய விட்டிட்டு மௌத்தாகி இன்னும் வருசம் திரும்பல்ல. அவர் நற்பிட்டிமுனையில நெல்லெடுத்துக் குத்தி, கல்முனையில எங்கட வீட்டு முன்னறையில வெச்சி அரிசி வித்தவர்.

எங்கட ஆக்கள் சுண்டு எண்ட அளவுப் பேணியால அரிசி அளக்கக்குள்ள முதல் சுண்ட "ஒண்டு" எண்டு சொல்ற இல்ல. "பரக்கத்து" எண்டுதான் தொடங்குற, கொறையாமப் பெருகட்டும் எண்டு. பிறகுதான் ரெண்டு, மூணு...

கன வருசத்துக்கு முந்தின கதை, மகள் அப்ப நாலாம் ஆண்டு. பின்னேரத்தில வாப்பாக்குப் பக்கத்தில குந்திக்கிட்டு இங்கிலிஸ் பாடம் சொல்லுவா. முட்டை, தேங்காய், வாழப்பழம் எண்ணலாமாம். தண்ணி, சீனி, உப்பு எண்ண ஏலாதாம்.

"ரைஸும் எண்ண ஏலா வாப்பா."

"அப்ப நான் விடிஞ்சா பொழுதுபட்டா என்னத்த மகள் எண்ணுறன்?"

"நீங்க சுண்டத்தானே எண்ணுற. அரிசிய இல்லியே."

அவர் சிரிச்ச சிரிப்பில கணக்குத் தப்பி, திரும்ப முதல்ல இருந்து அளந்தார்.

அடுத்த நாள் டீச்சர் மேசையில முட்டையள வெச்சி, இங்கிலிஸ்ல எண்ணச் சொல்லி இரிக்கா. இவ எழும்பி, "பரக்கத்து, டூ, த்ரீ..." எண்டிருக்கா.

வகுப்பே சிரிச்சிட்டாம். "அரிசிக்கடை, அரிசிக்கடை" எண்டு பகிடி வேற.

வந்து பைய மூலையில எறிஞ்சா. "இனி இங்கிலிஸ் பாடத்துக்குப் போகமாட்டன். நீங்களும் இனி ஒண்டு எண்டே சொல்லுங்க வாப்பா" எண்டு அழுதா.



பின்னேரம் பக்கத்து வீட்டு ராத்தா அரிசிக்கு வந்தா. அவர் சுண்ட நிரப்பி, மகளப் பாத்துக்கிட்டு, "ஒண்டு" எண்டார். வாய்க்குப் பழக்கமில்லாத சொல்லு... மெதுவாத்தான் வந்திச்சி. நான் அடுப்படியால எட்டிப் பாத்தன்.

மகள் எழும்பி வந்தா. அவர்ட கையில இருந்த சுண்டப் பிடிச்சி, அரிசியத் திரும்ப சாக்குக்குள்ள கொட்டினா.

"பரக்கத்து எண்டு சொல்லுங்க வாப்பா. நான் பள்ளிக்கூடத்தில வன் எண்டு சொல்றன்."

ராத்தா சொன்னா, "வாப்பாவும் மகளும் கெதியா முடிவெடுங்க. எனக்கு அங்க அடுப்பில உல கொதிக்கிது."

அடுத்த நாள் மகள் பாடத்துக்கும் போனா.

இப்ப அவ புருசனோட கட்டார்ல. முன்னறையில சாக்கு இல்ல, அவர்ட கதிரை மட்டும் கெடக்கு. கடையில அரிசி நிறுத்து, பையில கட்டி வருது. ஆரும் அளக்கிற இல்ல.

நான் மட்டும் அவர்ட அந்தச் சுண்டாலதான் அளக்கிறன். தனி ஆளுக்கு ஒரு சுண்டு காணும். பரக்கத்து எண்டு போடுறன்... ரெண்டு எண்டு சொல்ல வேலையில்லாமப் போச்சி.

நேத்து மகள் போன்ல கேட்டா, "உம்மா, எத்தின சுண்டு போட்டீங்க?"

"பரக்கத்து" எண்டன்.

"ரெண்டு" எண்டு மகள் அங்கால இருந்து எண்ணினா.