சிஸ்டம் டிஸ்கில் ஒட்டிய பொட்டு

கல்யாணமான ஏழாம் வாரம் உங்கள் அம்மா நெற்றியில் பொட்டில்லாமல் திண்டிவனத்திலிருந்து மயிலத்துக்கு பஸ்ஸில் வந்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எங்களுக்குள் சண்டை என்று உங்கள் பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். சண்டை இல்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் டைப்பிங் ஹையர். ஓனர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டைப் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார். டி.வி.யோடு இணைத்த ஒரு கீபோர்டு, பக்கத்தில் ஃப்ளாப்பி போடுகிற ஒரு டிரைவ், அவ்வளவுதான். ஃப்ளாப்பி என்பது கறுப்பு உறைக்குள் அப்பளம் மாதிரி ஒரு மெல்லிய தட்டு. காலையில் சிஸ்டம் டிஸ்க் என்கிற ஃப்ளாப்பியைப் போட்டால்தான் அந்த மெஷின் நாம் சொல்வதைக் கேட்கும்.

அப்புறம் திண்டிவனத்தில் ஒரு கிளை திறக்க, அதே மாதிரி இன்னொரு மெஷின் வாங்கினார். அதனோடு வந்த சிஸ்டம் டிஸ்கில் பூஞ்சை பிடித்திருந்தது. நான் விழுப்புரத்தில் நாலு நகல் எடுத்து அனுப்பினேன். திண்டிவனத்து டிரைவ் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. எங்கள் டிரைவுக்குக் கையெழுத்து சரியில்லை. அது எழுதியதை வேறு டிரைவ் படிக்காது, மறுநாள் அதுவேகூடப் படிக்காது. ஆகவே ஒரிஜினலை அங்கே கொண்டுபோய், அந்த டிரைவிலேயே நகல் எழுத வேண்டும்.

ஒரிஜினல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திங்கள் காலையில் இரண்டு ஊரிலும் வகுப்பு.

"ஏம்பா, அது மட்டும் போச்சுன்னா ரெண்டு எடத்தையும் பூட்டிக்கினு போவ வேண்டியதுதான்" என்றார் ஓனர். "அப்புறம் நீ உன் மாமனார் ஊட்ல மல்லாட்டை உரிச்சிக்கினு இரு."

என் மாமனார் பயிர் வைப்பது கேப்பை, வேர்க்கடலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, "பத்து நிமிஷ வேலை, முடிச்சிட்டு மயிலம் கோயிலுக்குப் போலாம்" என்று சொல்லி உங்கள் அம்மாவையும் கூட்டிப்போனேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஃப்ளாப்பியை வைத்துக் கட்டி, என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃப்ளாப்பியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை மூடி ஒட்டிவிட்டால் டிரைவ் அதில் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். நகல் எடுக்கும்போது அதுதான் காவல். ஒரே டிரைவ் என்பதால் மெஷின் முதலில் ஒரிஜினலைக் கேட்கும், கொஞ்சம் படிக்கும். பிறகு புதுசைக் கேட்கும், அதில் எழுதும். இப்படி இருபது தடவை மாற்றிப் போட வேண்டும். புதுசு கேட்கிற நேரத்தில் கை தவறி ஒரிஜினலைப் போட்டால், அதன் மேலேயே எழுதி அழித்துவிடும்.

மூடுவதற்கென்று டப்பாவோடு வந்த கறுப்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்தது. கண்ணாடி டேப்பை ஒட்டியிருந்தேன். விழுப்புரத்தில் அது போதும். திண்டிவனத்தில் ஓனர் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வெற்று ஃப்ளாப்பியில் அதே டேப்பை ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். டிரைவ் தாராளமாக எழுதியது. விழுப்புரத்து டிரைவ் அந்த வெட்டைத் தொட்டுப் பார்க்கும், இது வெளிச்சம் அடித்துப் பார்க்கும்.

"டேப்புல வெளிச்சம் பூந்து போவுது சார். கறுப்பா ஏதாவது ஒட்டணும்."

"ஞாயித்துக்கெழம எலக்ட்ரிக் கடைக்காரன் உனக்காவ ஒக்காந்துக்கினு இருப்பானா? கை தவறாம போடு. ஜல்தி."

பின்னால் பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து வந்தாள். "ஏங்க, இது பத்துமா பாருங்க."

அவள் விரல் நுனியில் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு. மொச்சைக் கொட்டை அளவு இருக்கும்.

"அத எதுக்கு எடுத்தே?"

"வெளிச்சத்த மறைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. இங்க இருந்துக்கினு அது இன்னாத்த மறைக்குது?"

வெற்று ஃப்ளாப்பியில் டேப்பின் மேல் ஒட்டிப் பார்த்தேன். டிரைவ் எழுத மறுத்தது. அதையே மெல்லப் பெயர்த்து ஒரிஜினலில் ஒட்டினேன்.

பன்னிரண்டு தடவை சரியாக மாற்றினேன். பதிமூன்றாவது தடவை ஓனர் டீ கொடுத்தார். ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் போட்டேன். எழுத முடியாது என்று திரையில் வந்தது. கீழே பார்த்தால் புதுசு மேஜையில் இருக்கிறது. டிரைவுக்குள் போனது ஒரிஜினல்.

"இன்னாபா சொல்லுது?"

"ஒண்ணுமில்ல சார். கேள்வி கேக்குது."

ஓனரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அம்மா மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்துவிட்டு மீதியை முடித்தேன். புதுசைப் போட்டு மெஷினை எழுப்பினேன். எழுந்தது.

"இன்னொண்ணு எழுதி வெச்சிக்கலாமா?" என்றார் ஓனர்.

"வேணாங்க" என்றாள் அம்மா.

பொட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பிய்க்க எனக்குக் கை வரவில்லை. பொட்டுப் பாக்கெட் வீட்டில் இருந்தது.

பஸ்ஸில் எதிர் சீட்டு அம்மாள் உங்கள் அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டார். "சின்ன பொண்ணா இருக்கியேம்மா. எப்ப ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலிங்க. தோ ஒக்காந்துக்கினு இருக்காரு."

"பின்ன பொட்டு?"

"அவரு வேலைக்குக் குடுத்துட்டேன்."

அந்த அம்மாள் கூட்டேரிப்பட்டு வரும்வரை என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மயிலத்தில் அம்மா குங்குமம் வைத்துக்கொண்டாள். படி இறங்கும்போது என் பக்கம் கையை நீட்டினாள். அட்டைக் கட்டைக் கொடுத்தேன். விழுப்புரத்தில் இறங்கி, இன்ஸ்டிட்யூட் பீரோவில் அவள் கையாலேயே வைக்கிற வரைக்கும் அதைத் திருப்பித் தரவில்லை. திங்கட்கிழமை இரண்டு ஊரிலும் வகுப்பு நடந்தது.