மஞ்சள் பூசணி சூப்

சுகிர்தராணிக்குக் காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? இந்த மாதத்தோடு விசா முடிகிறது. புதுப்பிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று சார் இன்னும் வாயே திறக்கவில்லை. வளைகுடாவில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் என்ஜினியராக இருக்கும் சாரும் அவர் மனைவி மிர்லாந்தும் ஹைத்தி நாட்டுக்காரர்கள். குளச்சல்காரி சுகிர்தராணி அவர்கள் வீட்டுச் சமையலுக்கு வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது.

ஜனவரி முதல் தேதி பூசணி சூப் குடிக்காவிட்டால் ஹைத்திக்காரர்களுக்கு வருஷமே பிறக்காதாம். மேடம் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டே நாள். படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். மாட்டிறைச்சியை எலுமிச்சை விட்டுக் கழுவு, பூண்டும் பச்சைத்தழையும் அரைத்துப் பிசறு, பூசணியை வேகவைத்து மசி, கோஸும் கேரட்டும் போடு.

"கடைசியில் ஒரு மிளகாய். முழுசாக," என்றாள்.

முழுசாகவா? சப்பையான அந்த மஞ்சள் மிளகாயை எடுத்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. மீன் குழம்புக்கு இருபது வருஷம் மிளகாய் கீறிய கையல்லவா! கீறிப் போட்டு, நன்றாகக் கிளறியும் விட்டாள். பத்து நிமிஷம் கழித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். காது வரைக்கும் எரிந்தது.

"எனக்க மாதாவே, கெடுத்தேனே!"

புத்தாண்டு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊரிலிருக்கும் புருஷன் கிளிட்டஸுக்குப் போன் போட்டாள்.

"உருளக்கெழங்கு போடு ராணி, காரத்த இழுத்துக்கிடும்."

"எட்டு கெழங்கு போட்டாச்சு, அடங்கல்ல. இனி என்னப் பெட்டியோட ஏத்தி விடுவாவ, பாத்துக்கிடும்."

அடுக்களைக்கும் பால்கனிக்கும் நாலு நடை நடந்தாள். சொல்லாமல் பரிமாறினால் மேடத்தின் மானமல்லவா போகும்? நேரே படுக்கையறைக்குப் போய் உண்மையைக் கொட்டிவிட்டாள்.

மிர்லாந்த் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டறைக்கு வந்தாள். முதல் கிண்ணத்தை ஊற்றினாள். ஒரு விருந்தாளி கை நீட்டினார், கொடுக்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுகிர்தராணியிடம், "உட்கார்," என்றாள்.

"நானா மேடம்? நான் அடுக்களையில..."

"எங்கள் ஆட்கள் அடிமையாக இருந்தபோது இதைச் சமைக்க மட்டும்தான் எஜமானர்கள் விட்டார்கள். குடிக்க விடவில்லை. விடுதலை கிடைத்த அன்று, ஜனவரி ஒன்றாம் தேதி, எல்லோரும் குடித்தார்கள். இன்றைக்குப் போய் சமைத்தவள் நிற்க, நாங்கள் குடிப்பதா?"

சுகிர்தராணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேடம் நீட்டிய கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழியைக் காரத்தின்மேல் போட்டுக்கொண்டு அழுதாள்.

சாரும் ஒரு வாய் குடித்தார். முகம் வியர்த்து, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டு தண்ணீருக்குத் தடவினார்.

"அடுத்த வருஷமாவது," என்றார் மூச்சு வாங்க, "முழுசாகப் போடு, அம்மா."