நெற்றியில் விழாத சூடு

பெரியம்மா வீட்டு நீளக் காம்புக் கரண்டியில் வெள்ளித்தாள் சுற்றி, முனையில் சிவப்புச் சாயம் பூசியிருந்தோம். எங்கள் பாடசாலை நாடகத்தில் அதுதான் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோல். மேடை வெளிச்சத்தில் அது உண்மையாகவே கனன்றதுபோலத்தான் எனக்கு நினைவிருக்கிறது.

நாடகத்தை எழுதியவள் பெரியம்மாவின் மகள், என் அக்கா. மூன்று நிலவுகள் காயும் வேற்றுக் கிரகம் ஒன்று. அங்கே எல்லோரும் போர்வீரர்கள். எதிரியைக் கொல்லாமல் திரும்பும் வீரரை அரசியின் முன் மண்டியிட வைத்து, ஊரறிய நெற்றியில் சூடு போடுவார்கள். அதன்பின் அவருக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. எதிரியின் குழந்தையொன்றைத் தப்பவிட்டு வந்த வீராங்கனை வேடம் அக்காவுக்கு. நான் அரசி. சூடு போடும் தளபதியாக நடித்தவள் அக்காவின் வகுப்புத் தோழி. அவள் அப்பா டவுனில் துணிக்கடை வைத்திருந்தார்.

பெரியம்மா மாநகர சபையில் தெருக்கூட்டும் வேலை செய்தார். வீடு மஹய்யாவ பகுதியில், தெருக்கூட்டுகிறவர்களின் குடியிருப்பு என்று ஊரே குறைவாகப் பார்த்த இடம். முதல் ஒத்திகையிலேயே தளபதி சிரித்துக்கொண்டு சொன்னாள்: “ஒனக்கு எதுக்கு தனியா சூடு? மஹய்யாவன்னு சொன்னாலே போதுமே.” மற்றவர்களும் சிரித்தார்கள். அக்கா மண்டியிட்டு நெற்றியை நீட்டினாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் அப்படியே நீட்டினாள். சூடுபட்ட வீராங்கனை தனியாக இருட்டுக்குள் நடந்து போவதுதான் கதையின் முடிவு. “முடிவ மாத்தேன்க்கா” என்று கேட்டுப் பார்த்தேன். “அங்க அப்படித்தான் நடக்கும்” என்றாள்.

நாடகத்தன்று பெரியம்மா வேலை முடிந்து நேராக வந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தளபதி கரண்டியை அக்காவின் நெற்றிக்கருகே கொண்டுபோனதும் எழுந்துவிட்டார். “சுட்டுறாதம்மா.” நாடகம் என்று அவருக்குத் தெரியாமலில்லை, குரல் தானாக வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. தளபதி சிரிக்கவில்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றவள், கரண்டியைக் கீழே போட்டாள். “இனி என் கையால் யாருக்கும் சூடு போடமாட்டேன், அரசியே” என்றாள். அக்கா எழுதாத வசனம் அது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிம்மாசனமாக வைத்திருந்த கதிரையிலிருந்து எழுந்து, பக்கத்தில் எனக்கென்று வைத்திருந்த செம்புத் தண்ணீரை அக்காவிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் குடித்து முடிக்கும்வரை திரை விழவில்லை.

மேடைக்குப் பின்னால் தளபதி தலைகுனிந்து வந்தாள். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“எல்லாஞ் சரி, எங் கதையக் கெடுத்துட்டியே” என்றாள் அக்கா. பிறகுதான் இருவரும் சிரித்தார்கள்.

அன்றைய நாடகப் போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அக்கா இப்போது கெலிஓயாவில் நாடக ஆசிரியை. வேடங்களுக்குத் துணி தருவது அந்தத் தளபதி. மஹய்யாவ என்று முகவரி எழுதத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கா தன் முகவரியில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுவாள். போன மாதம் அவளுடைய மாணவிகள் அதே நாடகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது போயிருந்தேன்.

“டீச்சர், சூடு போடாம விட்டா, அப்பறம் அந்த ஊர்ல என்ன நடக்கும்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“எனக்கும் தெரியாது” என்றாள் அக்கா. “வாங்க, நடிச்சுப் பாப்போம்.”

பிள்ளைகள் கதிரைகளைத் தள்ளி இடம் பண்ணத் தொடங்கினார்கள்.