கைத்தடி ரப்பரும் பூசணம் பிடித்த லென்சும்

கிட்ட வந்து உக்காருங்க. கொடைக்கானல் குளிரில் தள்ளி உட்கார்ந்தால், நான் பேசுவது உங்கள் காதுக்கு வருவதற்குள் பனியாகிவிடும். போட்டோ பிடிக்கிறவனுக்கு எதிரி செல்போன் என்கிறார்கள். இல்லவே இல்லை, ஈரம்தான். பழைய லென்சை வைத்துக்கொண்டு அல்லாடும் என் பங்காளிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வெயிலில் வந்த பனி

மழை விட்டதும் பீரோவைத் திறந்தேன். என்னிடம் இருக்கிற ஒரே லென்சுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். துடைத்தால் போகவில்லை, அது கண்ணாடிக்கு உள்பக்கம் குடியிருக்கிறது. வந்தது வரட்டும் என்று, சுள்ளென்ற வெயிலில் ஒரு புது ஜோடியை எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் கெடக்கு. அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பக்கத்துல நிக்கிறது இவருதானான்னு ஊருல கேப்பாங்களே அண்ணே, நான் என்னன்னு சொல்ல?"

கடைசி எச்சரிக்கை

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வகுப்பு குரூப் போட்டோ. சீசன் இல்லாத மாசங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வேலையால்தான். ஞாபகப்படுத்தப் போனால், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா போன வருஷத்துப் படத்தை எடுத்து என் முன்னால் போட்டார். "இந்தத் தடவையும் இப்படிக் கலங்கலா வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் திண்டுக்கல்லுல இருந்து வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

அடுப்புக்கு மேலே

என் வீட்டுக்காரி பேச்சியம்மா பூம்பாறைப் பூண்டு வாங்கி விற்கிறவள். பூண்டு ஈரம் பிடிக்காமல் இருக்க அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவாள். "பூண்டைக் காப்பாத்துற புகை இதைக் காப்பாத்தாதா?" என்று லென்சையும் துணியில் முடிந்து அங்கேயே தொங்கவிட்டாள். மூன்று நாளில் பூசணம் போகவில்லை; வாசம் மட்டும் ஏறிவிட்டது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த ஒருத்தரின் முகத்துக்குக் கிட்டக் கேமராவைக் கொண்டுபோனேன். மனுஷர் மூக்கை உறிஞ்சினார். "போட்டோ புடிக்கிறீங்களா, ரசம் தாளிக்கிறீங்களா?"

பாய் திறந்த விதம்

வேறு வழியில்லாமல் கடைவீதிக்கு ஓடினேன். காதர் பாய் கடிகாரம், ரேடியோ, பைனாகுலர் எல்லாம் பார்ப்பார். லென்சைத் தூக்கிப் பார்த்து, "உள்ள தோட்டமே போட்ருக்கீங்களே" என்றார். முன்பக்கத்து வளையம் அசையவில்லை. திருகிப் பிடிக்க அதில் ஒரு பள்ளம்கூட இல்லை. பாய் தன் கைத்தடியைத் தலைகீழாக்கி, அடியில் இருந்த ரப்பரைப் பிடுங்கி, வளையத்தின்மேல் வைத்து அழுத்தித் திருகினார். கர்ரென்று கழன்றுவிட்டது! எனக்குத் துள்ளிக் குதிக்கணும்போல் இருந்தது.

பூசணத்தைத் துடைத்து, சாயா ஆறுவதற்குள் மாட்டியும் கொடுத்துவிட்டார். "எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம்னு குறிச்சு வச்சீங்களா பாய்?" என்றேன். அவர் சொன்னார்: "எந்தப் பக்கம் போட்டா என்ன அண்ணே, வெளிச்சம் உள்ள போயித்தானே ஆகணும்?"

கோழி

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் பேச்சியம்மாவை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பூண்டு மூடைகளை வரிசையாக வைத்து சோதனைக்கு ஒரு படம் எடுத்தேன். நடுவில் அவள் பளிச்சென்று இருக்கிறாள். ஓரத்து மூடையெல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது. பாய் ஒரு கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டார்! பொழுது விடிந்தால் வெள்ளி. பாயோ ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மா படத்தை வாங்கி, ஓரத்தில் மூடைக்கு முன்னால், என் பக்கமாகத் தள்ளி மேய்ந்த எங்கள் கோழியைத் தொட்டுக் காட்டினாள். அதன் இறகை எண்ணலாம்போல் அத்தனை தெளிவு! அவள் சொன்னாள்: "ஏங்க, ஓரத்துல தள்ளி இருந்த மூடை கரைஞ்சுபோச்சு, ஓரத்துலயே கிட்ட நின்ன கோழி தெளிவா இருக்கு. அப்ப ஓரத்துப் புள்ளைகளைக் கோழி நின்ன தூரத்துக்குக் கூப்புட்டுக்கங்க, சோலி முடிஞ்சது!"

வளைந்த பெஞ்சு

வெள்ளனே போய் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைப் பிறை மாதிரி வளைத்துப் போட்டேன். ஓரத்துப் பிள்ளைகள் என் பக்கம் வளைந்து நின்றார்கள். "எதுக்கு இந்தக் கோணல்?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. "இப்ப எல்லா ஊருலயும் இதுதான் மாடல்ங்க" என்று வாய்கூசாமல் சொன்னேன். பிரிண்டை அவர் கையில் கொடுத்தேன். விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர், கடைசியில் வெடித்துச் சிரித்துவிட்டார். "ஓரத்துல ஒருத்தன் நாக்கை நீட்டுறதுகூடத் தெரியுதே! அடுத்த வருஷமும் நீங்களே வாங்க, இதே மாதிரி வளைச்சே எடுங்க."

பாய் வீட்டுக்கு வந்தார்

கல்யாணம் முடிந்து வந்த பாய்க்கு விஷயம் தெரிந்ததும் வெட்கம் தாங்கவில்லை. நேரே அட்டுவம்பட்டிக்கு எங்கள் வீடு தேடி வந்து, "குடுங்க அண்ணே, வெரசா மாத்திப் போட்டுடறேன்" என்று கையை நீட்டினார். பேச்சியம்மா சாயாவை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க திருப்பிப் போட்டதைத் திருப்பிப் போட்டா, நாங்க பெஞ்சைத் திருப்பிப் போடணுமே பாய்!"

அவர் சாயாவை ஊதி ஊதிக் குடித்த நேரத்தில் அவள் என்ன செய்தாளோ, கைத்தடி டக்கு டக்கென்று சத்தம் போட அவர் தெருவில் இறங்கிப் போனார். அதன் ரப்பர் எங்கள் அரிசி டின்னுக்குள், ஈரம் ஏறாமல் இருக்கப் புதைத்து வைத்த லென்சுக்குப் பக்கத்திலேயே பத்திரமாகக் கெடக்கு.