லேபர் ஐயா கதை கொடுத்தால்

“மெயில் போகேக்க எங்க நிண்டனி, பிள்ளை? வீட்டிலயோ, வழியிலயோ?”

செங்கல் சூளையின் ஓரத்தில் குந்தியிருந்து, யாரோ ஒருத்தியின் குழந்தைக்குத் தன் கைலேஞ்சியால் மூக்குத் துடைத்துவிட்டபடி கதிர்காமநாதன் கேட்கிறார். குழந்தையின் தாய் யோசிக்காமல் சொல்கிறாள்: “மெயில் போகேக்க நாங்கள் மண் குழைச்சு முடிச்சிருப்பம் ஐயா.” அவ்வளவுதான். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு வரி எழுதிவிட்டு, திரும்பவும் காதில் செருகிக்கொள்கிறார். இரவு மெயில் ரயில் கிளிநொச்சியைத் தாண்டுவது கிழக்கு வெளுக்கும் முன். அதற்குள் மண் குழைத்து முடிந்ததென்றால் வேலை எப்போது தொடங்கியது என்பது தெரிந்துவிட்டது. மணி எத்தனை என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. மணிக்கூடு முதலாளியின் சுவரில் தொங்குவது. ரயில் எல்லோருக்கும் பொது என்பது அவருடைய நியாயம்.

அவர் எங்கள் வவுனியாத் தொழிற் கந்தோரின் பரிசோதகர்; சனங்களுக்கு ‘லேபர் ஐயா’. பளையிலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் உள்ள அரிசி ஆலைகள், மரக்காலைகள், சூளைகள், கடைகள் எல்லாம் அவர் பொறுப்பு. கடைச் சிப்பந்திக்கு லீவு கிடைக்கிறதா, ஆலைக்காரன் சேமலாப நிதி கட்டுகிறானா, பெண்களை இருட்டில் வேலைக்கு வைக்கிறார்களா என்பதையெல்லாம் அவர் போய்ப் பார்க்க வேண்டும். நான் அதே கந்தோரில் லிகிதர். அவர் கொண்டுவருகிற பென்சில் எழுத்தைப் பிழை திருத்தித் தட்டச்சு அடிப்பவன். ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அதைத் திருத்துகிற நேரங்களில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாகிறது. வேறு எதிலும் அவரை வெல்ல என்னால் முடிந்ததில்லை.

தோற்றத்தில் ஒன்றுமில்லை. நடு வகிடு, வகிட்டுக்கு இரு பக்கமும் வழிகிற எண்ணெய், தூக்கி மடித்த சட்டைக் கையின் மடிப்புக்குள் பஸ் ரிக்கற்றுகள். முதலாளிமார் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்க மாட்டார். சட்டைப் பையில் அவித்த முட்டை ஒன்றைக் கடதாசியில் சுற்றி வைத்திருப்பார். அதுதான் மத்தியானச் சாப்பாடு. பஸ்ஸில் ஏறிய உடனே வாயைத் திறந்தபடி நித்திரை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து, “என்ன தம்பி, நித்திரையோ?” என்று என்னைக் கேட்பார். நான் கண்ணே மூடியிருக்க மாட்டேன்.

இந்த மனிதரிடம் சனங்கள் ஏன் வாயைத் திறக்கிறார்கள் என்பதை நான் வெகு காலமாகக் கவனித்து வருகிறேன். என் அம்மா ஒருமுறை என்னைப் பார்க்க வவுனியாவுக்கு வந்திருந்தா. கந்தோர் வாசலில் அவரோடு பத்து நிமிஷம் நின்று கதைத்தா. அதற்குள் தன்னுடைய முழங்கால் நோ, நெஞ்சுக்குள் இடைக்கிடை வருகிற குத்து, இரண்டாவதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் என்பது வரைக்கும் அவருக்குச் சொல்லிவிட்டா. பிறகு அவரே என்னிடம் வந்து, “கொம்மாவை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டும். நான் சொன்னதெண்டு சொல்லாதையும்” என்றார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் அம்மாவின் நெஞ்சு நோ மட்டும் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எங்கள் கந்தோருக்கு ஜீப் கிடையாது. பயணச் செலவுக்கென்று கொழும்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குவார்கள். கந்தோர் வழக்கில் அதற்கு ‘வோட்டு’ என்று பெயர். ஐப்பசியில் புது வோட்டு வரும். ஆனி பிறக்கும்போது முடிந்துவிடும். அதற்குப் பிறகு சட்டங்கள் எல்லாம் அலுமாரியில் இருக்கும், அவற்றைக் கொண்டுபோக வழியிருக்காது. ஜீப் கேட்டு அவர் எழுதிய கடிதங்களை நான் எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. “வருகிற வருடம் கவனிக்கப்படும்” என்ற பதிலை அவர் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, “எங்கட திணைக்களம் வலு பெரிசு தம்பி. கொழும்பில இருந்து பாத்தால் இஞ்ச வரைக்கும் தெரியுமாம்” என்பார். பிறகு தன் காசில் ரிக்கற் எடுத்தோ, நெல் லொறிகளில் தொற்றியோ போவார். விசாரிக்கப்போகிற முதலாளியின் லொறி என்றால் மட்டும் ஏற மாட்டார்.

ஒருநாள் வவுனியாக் குளக்கட்டில் நடந்துகொண்டிருந்தபோது சொன்னார்: “இந்த வோட்டுக் காசும் குளத்துத் தண்ணி மாதிரித்தான். கொக்கு எழும்பிப் போனாப் பிறகுதான் வத்தினது தெரியும்.” சொல்லிவிட்டு, கொறித்துக்கொண்டிருந்த கச்சான் கடலையின் கோதைத் துப்பினார். யாப்பைக் கைவிட்ட புதிய கவிதைகளை நான் தேடித் தேடி வாசிக்கிறேன். அப்படி ஒரு வரிக்காக விளக்கு எண்ணெய் தீரும்வரை விழித்திருக்கிறவன். அதை இவர் கச்சான் கோதோடு சேர்த்துத் துப்பிவிட்டு நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

போன ஆவணியில் அன்னபாக்கியத்தின் முறைப்பாடு வந்தது. பரந்தனுக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தின் ஓரமாக ஐயாத்துரை முதலாளியின் அரிசி ஆலை இருக்கிறது. அன்னபாக்கியம் அங்கே நெல் அவிக்கிறவள். வாய்க்கால் கரைக் காணியிலிருந்து பற்றைக்காட்டு வழியாக நடந்து வர வேண்டும். அந்த வழியில் விடியுமுன் யானை நிற்கும். ஆடியில் அவளுடைய மச்சாளை யானை துரத்தி, அவள் விழுந்து கை முறிந்தது. அதன்பிறகு, வெளிச்சம் கண்ட பின்தான் வருவேன் என்று அன்னபாக்கியம் சொன்னாள். முதலாளி அவளை நிற்பாட்டிவிட்டார். குளம் வற்றிக் கிடந்தது, சிறுபோகம் இல்லை. அந்த வீட்டு அடுப்பு எரிவது ஆலைக் கூலியில். அவள் கேட்டதெல்லாம் வேலை திரும்ப வேண்டும், வெளிச்சத்தில் வர வேண்டும் என்பதுதான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சாட்சிகளைக் கந்தோருக்கு அழைத்தால் பஸ் காசு கொடுக்க வேண்டும். அதற்கும் வோட்டு இல்லை. எனவே ஆலை முற்றத்திலேயே விசாரணை வைத்தார். எழுதுவதற்கு நானும் போனேன். ஆலைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: “மெயிலுக்கு முந்தி நிக்கச் சொல்லி ஐயாவின்ர உத்தரவு.” அன்னபாக்கியமும் அதையே சொன்னாள். இடுப்பில் குழந்தை. தன்னை நிற்பாட்டிய கிழமையையும் சொன்னாள். கதிர்காமநாதனின் பென்சில் காதுக்குப் போய்விட்டது. முடிந்த காரியம் என்று நானும் நினைத்தேன்.

ஐயாத்துரை முதலாளி நல்ல சிரித்த முகம். வெள்ளைச் சால்வையால் விசிறிக்கொண்டு, “ஓம், மெயிலுக்கு முந்தி வரச் சொன்னனான்தான். ஆர் இல்லையெண்டது?” என்றார். “ஆனால் லேபர் ஐயா, அந்தக் கிழமை மெயில் எப்ப வந்ததெண்டு விசாரிச்சனீங்களோ? மதவாச்சிக்கு அங்கால பாதை திருத்தினவை. பள்ளிக்கூடப் பிள்ளையள் போன பிறகெல்லோ மெயில் வந்தது! அதுக்கு முந்தி வரச் சொன்னது குற்றமோ? ஏழு மணிக்குக்கூட வராத சோம்பேறியை வச்சு நான் மில் நடத்தேலுமோ?”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் மெயில் பிந்தியது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் வழமையான மெயில் நேரத்தைத்தான் சொன்னார்கள். ரயில் பிந்தினாலும் அடுப்பு பிந்தியதில்லை. ஆனால் எழுதியிருந்தது ‘மெயிலுக்கு முந்தி’ என்றுதான். எழுதச் சொன்னவர் கதிர்காமநாதன். அவரே ஊர் ஊராகப் போய் அப்படிச் சொல்லப் பழக்கியவர். ஸ்ரேசனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு நாள் கிளிநொச்சியில் தங்கி, விடிய முன் வந்து பார்த்திருக்கலாம். தங்குவதற்குத்தான் காசு இல்லையே.

அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். எனக்குள் எழுந்தது துக்கமில்லை. ‘ற’வைத் திருத்தும்போது வருகிற அதே சந்தோஷம், இன்னும் கொஞ்சம் பெரிதாக. அப்போது அன்னபாக்கியத்தின் முகம் கண்ணில் பட்டது. அவள் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, புறப்படத் தயாரானவள்போல் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுத்துக்குள் குனிந்துகொண்டேன்.

“முதலாளி சொல்லுறது சரி. பிழை என்னில” என்றார் கதிர்காமநாதன். எழுந்து, நெல் காயப்போட்டிருந்த சீமெந்துக் களத்தின் ஓரத்துக்குப் போனார். நாலு நெல்லை எடுத்துக் கடித்தார். தோற்ற மனிதன் வேறு என்ன செய்வான் என்று நான் நினைத்தேன்.

“ஒண்டு கேக்க வேணும் முதலாளி. இந்தப் பக்கத்து அரிசி எல்லாம் குத்தினால் உடைஞ்சு குறுணலாப் போகுது. என்ர மனிசி நெடுகப் பேச்சு. உங்கடது மட்டும் முத்து மாதிரி முழுசா வருது. என்ன சங்கதி?”

முதலாளியின் சால்வை நின்றது. “அது எல்லாருக்கும் வராது ஐயா.”

“நெல்லு நல்ல நெல்லோ?”

“நெல்லு எல்லாம் ஒரே நெல்லுதான். காயப்போடுற பதத்தில இருக்கு. மற்றவங்கள் வெயில் ஏறினாப் பிறகு போடுறாங்கள். உச்சி வெயில் பட்டால் அவிச்ச நெல்லு வெடிச்சுப்போம். என்ர களத்தில முதல் வெயில் விழேக்க நெல்லு பரவிக் கிடக்கும்.”

“சும்மா சொல்லாதையுங்கோ! ஒருநாள் ரெண்டுநாள் கிடக்கும்.”

“வருசம் முழுக்க! மழை நாள் போக ஒருநாள் தவறினதெண்டால் இந்தக் காதை அறுக்கிறன்.”

“அப்ப சூரியன் எழும்ப முந்தி அவிச்சு, இறக்கி, தண்ணி வடிய விட்டு... சீ, நடக்கிற காரியமோ? ஆம்பிளையளை வச்செல்லோ அவிக்கிறியள் போல.”

“ஆம்பிளையளோ? அவங்களுக்கு என்ன பதம் தெரியும்! எல்லாம் இந்தப் பெட்டையள்தான். நான் பழக்கி எடுத்த...”

அங்கே நின்றுவிட்டார். நான் அந்த வரியை எழுதி முடித்திருந்தேன். சாக்குத் தைத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்திதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாப் பெண்களும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

“லேபர் ஐயா, நான் அரிசியைப் பற்றியெல்லோ கதைச்சனான்” என்றார் முதலாளி.

“நானும் அரிசியைப் பற்றித்தானே கேட்டனான்” என்றார் கதிர்காமநாதன், குரலில் ஒரு பொட்டுக் கேலியும் இல்லாமல்.

பேச்சு முடிந்தது. திங்கட்கிழமை முதல் அன்னபாக்கியத்துக்கு வேலை. வெளிச்சம் வந்த பிறகுதான் பெண்கள் ஆலைக்குள் வர வேண்டும். முதலாளி கையெழுத்து வைத்தார். அந்தப் பேச்சு முழுவதையும் நான் என் கையால் எழுதியிருந்தேன்; வார்த்தை எதுவும் எனக்குத் தெரியாததில்லை. முத்து, பதம், முதல் வெயில். ஒரு நாளும் அவற்றை அந்த ஒழுங்கில் என்னால் அடுக்கியிருக்க முடியாது.

பேனையை மூடிய முதலாளிக்குச் சிரிப்புத் திரும்ப வந்துவிட்டது. “அப்ப ஐயாவை இனி ஐப்பசியிலதான் காணலாம், என்ன? வோட்டு முடிஞ்சுதாம் எண்டு கேள்வி.” எங்கள் கந்தோரின் வரவு செலவு வன்னி முழுவதும் தெரிந்த விஷயம்.

அது அன்னபாக்கியத்தின் காதில் விழுந்தது. “ஐயா, கடுதாசியில எழுதிப்போட்டுப் போறியள். நாளைக்கே இவையளை, திங்கக்கிழமை என்னை, விடிய முன்னம் வா எண்டு ஆள் அனுப்பினால் நாங்கள் ஆரைக் கூப்பிடுறது?” என்று கேட்டாள். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமென்பதுபோல. “இனி எப்ப வருவியள்?”

கதிர்காமநாதன் காதிலிருந்து பென்சிலை எடுத்து, எழுதாமலே திரும்பச் செருகினார். றோட்டில் பஸ் வந்துவிட்டது. அன்றைய கடைசி பஸ். நாளை வெள்ளி, கந்தோர் உண்டு. கொண்டக்ரர் றவூப் ஹோர்னை அடிக்கச் சொல்லிக் கூச்சல் போட்டான். நான் ஓடிப்போய் மிதிபலகையில் ஏறி, கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

“லேபர் ஐயா வாறாரோ, இல்லையோ, தம்பி?” என்று றவூப் கேட்டான்.

நெல் பரவிக் கிடந்த களத்தின் ஓரத்தில் பெண்கள் பலகையை எடுத்து, வெயில் சாயவே நெல்லைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். சப்பாத்தோடு அந்தக் களத்தில் யாரும் கால் வைப்பதில்லை. கதிர்காமநாதன் களத்தின் விளிம்பில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஒவ்வொரு சப்பாத்தாகக் கழற்றினார். கால்மேஸ் இரண்டையும் உருவிச் சப்பாத்துக்குள் திணித்தார். வெறும் காலோடு எழுந்து நின்று, எங்கள் பக்கம் பார்க்காமலே, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையை ஒருமுறை வீசினார்.