எல்ஸ்பா மறுபடி பிறந்த தேதி

வடகடலில் இருக்கும் சாண்டோய்த் தீவின் கிறிஸ்தவச் சபையில் எல்லோருக்கும் இரண்டு பிறந்தநாள் உண்டு. இளையவர்களுடைய முதலாவதை மருத்துவச்சி எல்ஸ்பா தன் நோட்டில் குறித்து வைத்திருந்தாள். இரண்டாவதை, அதாவது இரட்சிக்கப்பட்ட நாளை, அவரவரே பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். அவள் கணவன் ஹானுஸ் நேரத்தைக்கூட விடவில்லை: 1929 அக்டோபர் ஒன்பது, காலை பத்தேகால். ஐஸ்லாந்துக் கடலில் மீனுக்குக் குடல் உருவிக்கொண்டிருந்தபோது அழுகை வந்ததாம். அழுது முடித்தபோது ஆளே புதிதாகிவிட்டானாம்.

எல்ஸ்பாவின் பைபிளில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தாள்; ஆனால் இன்ன நாள் என்று விரல் வைக்க ஒரு நாள் அகப்படவில்லை. தேதி இல்லாவிட்டால் ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாவிட்டால் அப்பம் இல்லை. சபை ஞாயிறுதோறும் பிட்டுத் தின்னும் அப்பத்தை முப்பது வருடமாகச் சுட்டுக் கொடுத்தவள், அது கைமாறிப் போவதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

1961 இலையுதிர் காலத்தில் ஹானுஸின் இதயம் தளர்ந்தது. "கிறிஸ்துமஸைத் தாண்டாது" என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். ஹானுஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து அப்பம் வாங்கிக்கடி. ஏதோ ஒரு தேதியச் சொல்லித் தொலையேன். காலண்டர்ல முந்நூத்தறுபத்தஞ்சு இருக்கே!"

"பிரசவ நோட்டுல நான் ஒரு நிமிஷம்கூடப் பொய் எழுதினதில்ல, கிழவா. கடவுள் நோட்டுலயா எழுதுவேன்?"

சொல்லிவிட்டு, ஆட்டிறைச்சி காயும் கொட்டகைக்குப் போய், தொங்கும் தொடைகளுக்கு நடுவே நின்று விம்மினாள்.

மறுநாள் ஞானஸ்நானம் வேண்டுமென்று அவளே சபை மூப்பர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். மூன்று பேர் வந்தார்கள். இளையவன் யாக்குப்தான் விசாரித்தான்.

"எந்த நாள், எல்ஸ்பாம்மா?"

"தெரியல."

"மறுபடி பிறந்தவங்களுக்கு அது எப்படித் தெரியாமப் போகும்?"

எல்ஸ்பா உள்ளே போய்ப் பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். "நீ எப்பப் பிறந்தே, யாக்குப்?"

"பிப்ரவரி நாலு. மத்தியானம் மூணு மணி."

"யார் சொன்னா?"

"நீங்கதான்."

"நீதான் என் முதல் பிரசவம். கால் முன்னாடி வந்தே. நீலம் பாரிச்சுக் கிடந்தே. கத்தக்கூட இல்ல, நான் தட்டித்தான் கத்துனே. அதுக்கப்புறம் நானூறு பேரக் கையில வாங்கியிருக்கேன். ஒருத்தனும் மணி பாத்துக்கிட்டு வரல. நேரம் பிறந்தவனுக்குத் தெரியாதுப்பா, வாங்கின கைக்குத்தான் தெரியும். என்னை வாங்கினவர்கிட்ட போய்க் கேளுங்க."

மூப்பர்கள் மூவரும் காப்பிக் கோப்பைக்குள்ளேயே வேதவாக்கியம் தேடினார்கள். ஒரு கேக் முழுவதும் தீர்ந்த பிறகு யாக்குப் பேனாவைத் திறந்தான்.

"பதிவேட்டுல காலியா விட முடியாதும்மா. இன்னைக்குத் தேதியப் போடறேன்."

"அப்ப நேத்து வரைக்கும் நான் யாரு?"

யாக்குப் முகம் சிவந்தது. "இது நீங்க பிறந்த நாள் இல்லம்மா. எங்களுக்குத் தெரிஞ்ச நாள்."

"அப்படியே எழுது. அது பொய்யில்ல."

அக்டோபர் கடைசி ஞாயிறு, உறையவைக்கும் கடலில் இடுப்பளவு நின்றார்கள் எல்ஸ்பாவும் யாக்குப்பும். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் அவனை ஈரத்தோடு ஏந்தியவளை இப்போது அவன் தண்ணீரில் சாய்த்தான்.

"தலையப் பிடிச்சுத் தூக்கு, யாக்குப்" என்றாள் எல்ஸ்பா. "காலை இல்ல."

கரையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ராகத்தைத் தவறவிட்டார்கள்.

அன்று அவள் ஹானுஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அப்பத்தைப் பிட்டு நீட்டினான். மேஜைக்கு முழுசாகப் போகவேண்டிய அப்பம் என்பதால் ஒரு துணுக்குக்கூட அவள் ருசி பார்த்ததில்லை. தனக்கு முன்பு அப்பம் சுட்டுவந்த, மூப்பர் ஒருவரின் மனைவி எழுதிக் கொடுத்த செய்முறைச் சீட்டை, புனிதக் காரியம் என்று ஒரு எழுத்தும் மீறாமல் பின்பற்றிவந்தாள். கண்ணீரோடு வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள்.

"ஹானுஸ்," கிசுகிசுத்தாள், "இதுல உப்பே இல்ல!"

"முப்பது வருஷமா இல்ல."

"பாவி, சொல்லக்கூடாதா?"

"வேதத்துல அப்படித்தான் இருக்குன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டோம்டி."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று பின்பெஞ்சுக்காரர்களுக்குத் தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. ஹானுஸ் அவள் கையைப் பற்றியவன் விடவேயில்லை.

அதன்பின் அவன் ஆறு ஞாயிறு இருந்தான். ஆறிலும் அப்பத்தில் உப்பு இருந்தது. மூத்த மூப்பர் ஒருவர் மட்டும், பழைய ருசிதான் பரிசுத்தமாக இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார்.